கதவில்லாத அழகான வீடு

எங்கள் பழைய வீட்டைப் பற்றி யாராவது "ஆஹா, என்ன வீடு அது!" என்று ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஓவியர்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறாளாம். என் அப்பா வரைந்த படங்களில் இரண்டை எங்கோ பார்த்திருக்கிறாள். சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த வீட்ல வளர்றதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும் மேடம்" என்றாள். காப்பி ஆறுகிறது, குடி என்றேன். விடவில்லை. "ஆளுயரத்துக்கு மலைப் படம் ஒண்ணு இருந்துச்சாமே. அதுதான் சாரோட பெஸ்ட்டுன்னு சொல்றாங்க. அது எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"சோப்பு தின்னுட்டுது" என்றேன். அவள் சிரித்தாள். ஓவியர் மகள் அல்லவா, வேடிக்கையாகத்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பாள். நான் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை.

சரி, முதலில் அந்த அழகைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், நாட்டு ஓடு போட்ட வீடு. அப்பாவின் அப்பா கட்டியது. அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டின்மேல் பாய்வார். கூடத்துக்குச் சிவப்புச் சிமெண்டு போட்டபோது, உடைந்த கண்ணாடி வளையல்களை ஒரு கூடை வாங்கிவந்து தரையெல்லாம் பதித்தார். ஒரு ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காலி பாட்டில்களை அடுக்கிச் சிமெண்டு பூசினார். ஓட்டை விழுந்த பித்தளைச் சருவத்தைக் கவிழ்த்து பல்புக்குத் தொப்பி மாட்டினார். உத்தரத்திலிருந்து ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் தொங்கியது, அதைச் சுற்றி மாட்டுமணிகள். வருகிறவர்கள் அதைத் தள்ளிவிட்டு மணிச் சத்தம் கேட்டுக் குழந்தை மாதிரி சிரிப்பார்கள். அம்மா பெருக்கி நிமிரும்போதெல்லாம் அது அவள் மண்டையில் இடிக்கும்.

காலை வெயில் பாட்டில் வழியாக உள்ளே வரும். கூடம் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும். காப்பித் தட்டோடு அம்மா அதைக் கடந்து போகும்போது அவள் கால் இரண்டும் பச்சையாகி மறுபடி பழையபடி ஆகும். நான் பல் துலக்குவதைக்கூட மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அழகுதான். யார் இல்லை என்றது? ஆனால் அந்த வீட்டில் கதவு கிடையாது.

கதவு போன கதை இப்படி. முதலில் அப்பா கான்வாஸில்தான் வரைந்துகொண்டிருந்தார். ஒரு கார்த்திகை மாதத்து மழையில் இரண்டு படம் பூஞ்சைக் காளான் பிடித்தது. சுவரோரம் சாத்தி வைத்திருந்த இன்னொன்றைச் செல்லு, கரையான்தான், அரித்துவிட்டது. மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார் மனிதர். நாலாம் நாள் அவர் கண் சாமான் அறைக் கதவின்மேல் விழுந்தது. தாத்தா காலத்து வேங்கை மரம். செல்லு கிட்டவே வராது. திருப்புளியை எடுத்தார், கழற்றினார், இழைத்தார், வெள்ளை பூசினார், அதன்மேல் மலையை வரைந்தார்.

எந்த மலை? அண்ணாமலைதான். வாசலைத் தாண்டி நாலடி வைத்தால் தலைக்கு மேலே நிற்கிற அதே மலை. ஓசியில் முழுசாகப் பார்க்கக் கிடைக்கிற மலைக்கு என் வீட்டுக் கதவு எதற்கு என்று நான் அப்போதே கேட்டிருக்கிறேன். "உனக்குப் புரியாது கண்ணு" என்றார்.

ஒரு வெள்ளைக்காரர் வந்து அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், தொலைந்தது. அடுத்து நடு அறைக் கதவு. அப்புறம் சாமி அலமாரிக் கதவு. அப்புறம் நானும் அம்மாவும் படுக்கிற அறைக் கதவு. கடைசியாக, கிணற்றடியில் இருந்த குளிக்கிற அறைக் கதவு. வீட்டிலேயே பெரிய பலகை அதுதானாம், ஒரு விரிசல் கிடையாதாம். அதிலும் மலைதான், ஆளுயரத்துக்கு. வாசல் கதவை மட்டும் விட்டுவைத்தார். அது எங்களுக்காக இல்லை, குரங்குக்குப் பயந்து. மலையிலிருந்து இறங்குகிற குரங்கு அவர் தூரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் வெறும் வாசப்படிதான் மிச்சம். கூடத்தில் நின்று பார்த்தால் நடு அறை, சமையலறை, கொல்லை, கிணற்றடி வரைக்கும் ஒரே நேர்கோடாகத் தெரியும். ஆசிரமத்துப் பக்கம் வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் சந்துக்கும் வந்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். கதவில்லாத வீடு என்று பேரே வந்துவிட்டது. யாராவது காரணம் கேட்டால் அப்பா கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு, "மனசுக்குக் கதவு இல்லாதப்போ வீட்டுக்கு எதுக்கு?" என்பார். கைதட்டாத குறைதான். வெள்ளைக்காரர்களுக்கு அதையே இங்கிலீஷில் சொல்வார், இன்னும் கொஞ்சம் நீட்டி. அம்மா பின்னால் காப்பித் தட்டோடு நிற்பாள். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

குளிக்கிற அறைக்கு அம்மா பழைய புடவை ஒன்றைக் கயிற்றில் போட்டுக் கட்டினாள். கீழ் முனைக்கு இரண்டு செங்கல். ஆனால் கைகால் கழுவ வருகிறவர்களுக்கும் கிணற்றடிதான். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று புடவையைப் பார்த்து யாருக்குத் தெரியும்? ஒரு நாள் ஒரு பெரியவர் கால் கழுவிவிட்டு, துண்டு தேடிக்கொண்டு, புடவையைப் பிடித்துவிட்டார். உள்ளே அம்மா. போட்டாளே ஒரு சத்தம்! அவர் பாவம், நடுங்கிப்போய்க் கும்பிட்டார். மறுநாளிலிருந்து அம்மா பாட ஆரம்பித்தாள்.

பாட்டு என்றால் பாட்டு இல்லை. அவளுக்குப் பாட வராது. மலை சுற்றுகிறவர்கள் போடுகிற கோஷத்தையே எடுத்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா, அரோகரா" என்று ஒரு இழுப்பு இழுப்பாள். குரல் கேட்கிற வரைக்கும் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணெல்லாம் சோப்பு எரியும்போதும் நிறுத்தமாட்டாள். சொம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்க்கும்போதுகூட நிற்காது, தண்ணீர் வாய்க்குள் போய் "அரோ... ப்ளுக்... கரா" என்று வரும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். எனக்கு அப்போது பத்து, பதினோரு வயது. சிரித்ததை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் சிரிப்பு வேறு மாதிரி, உருகி. "உங்க வீட்டம்மா பாடிக்கிட்டேதான் குளிப்பாங்களா?" என்று கேட்பார்கள். "அவளுக்கு பக்தி ஜாஸ்தி" என்பார் அப்பா, பெருமையாக. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு எழுத்தாளர், இந்த வீட்டில் குளிப்பதும் வழிபாடு என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். அப்பா அதை வெட்டி எடுத்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டினார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் வாசித்துக் காட்டினேன். "அடப்பாவி" என்றாள்.

வேறு கதவு போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். அம்மா ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே மாமாவுக்கு மல்லாட்டைப் பயிர், நிலக்கடலை. தங்கச்சி சொன்னாள் என்று அவர் ஒரு தகரக் கதவு செய்து, வண்டியில் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா அதைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்த மாதிரி பின்னால் போனார்.

"தகரமா? ஐயய்யோ மச்சான்! இந்த வீட்டுக்கா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"உள்ள குளிக்கிறது பொம்பளைங்க மாப்ள. அவங்க இன்னா நினைக்கிறாங்கன்னு கேளுங்க" என்றார் மாமா.

"மரத்துலயே நல்லதா ஒண்ணு செஞ்சிடலாம். நானே பாத்துப் போடறேன், கொஞ்சம் பொறுங்க."

ஆறு வருஷம் பொறுத்தோம். மாமா தகரக் கதவைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய் மல்லாட்டை மூட்டை போடுகிற கொட்டகைக்கு மாட்டிவிட்டார். மல்லாட்டைக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை. எனக்குப் பதிமூன்று வயதானதும் நான் துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அத்தையிடம் போய்விட்டேன். அங்கே பச்சைப் பெயிண்டு அடித்த கதவும், கை தடிமனுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. நீயும் வாம்மா என்றேன். "கட்டிக்கிட்டு வந்த வீட்டை வுட்டுட்டு நான் எதிர்வீட்ல போயி குளிச்சா ஊரு இன்னா சொல்லும்?" என்றாள். அவள் பாட்டுக்கு அரோகரா போட்டுக்கொண்டிருந்தாள், நான் அவளை விட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

எனக்குப் பதினாறு வயது நடந்தபோது ஆடி மாதம் வந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், புடவை எம்மாத்திரம்? அன்று ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் நாலு பேர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள், மெட்ராஸ்காரர்கள் இரண்டு பேர். நான் எதிர்வீட்டிலிருந்து தலை துவட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்த நேரத்தில் ஒரு காற்று வந்தது பாருங்கள், சக்கரத்து மணியெல்லாம் ஒரேயடியாகக் குலுங்கியது. கொல்லையில் செங்கல் புரண்டது. கயிறு அறுந்தது. புடவை எழும்பிப் பறந்து போய் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது.

கூடத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் நேர்கோடு என்று சொன்னேன் இல்லையா? அம்மா வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் குந்திவிட்டாள். அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒரு முழங்கையும் ஈர மயிரும் மட்டும் தெரிந்தது. பாட்டு நிற்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கு வரைக்கும் மறக்க முடியவில்லை. புடவை போனபிறகும் அவள், "அரோகரா, அரோகரா" என்று முன்னைவிடச் சத்தமாக, மூச்சு வாங்காமல் போட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் மறைப்பு என்று மிச்சம் இருந்தது அந்தக் குரல்தான். வந்தவர்களில் மூன்று பேர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் லேசாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், அணிலைப் பார்த்தால் சிரிப்போமே அப்படி. அப்பாவும் கூடச் சேர்ந்து, "காத்துக்குக்கூட நம்ம வீடு புடிச்சுப் போச்சு" என்றார்.

நான் ஜமக்காளத்தை உருவிக்கொண்டு ஓடினேன். அம்மா அதற்குள் சுருண்டுகொண்டு, பல் கிட்டிப்போய், "போயிட்டாங்களா? போயிட்டாங்களா?" என்று கேட்டாள். போய்விட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

அவர்கள் நிஜமாகவே போனபிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை, அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன் என்பது நினைவிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்கல்லாம் பெரிய மனசுக்காரங்க கண்ணு. அந்தக் கண்ணோட பாக்கவே மாட்டாங்க. அசிங்கம்னு நினைச்சாத்தான் அசிங்கம். அழுக்கு நம்ம மனசுலதான் இருக்கு."

அம்மா சமையலறையில் இருந்தாள். கதவில்லாத வீடு, எல்லாம் கேட்கும். அழுக்கு யார் மனசில் என்று அப்பா சொன்னதும் அவளுக்குக் கேட்டது.

அவள் எழுந்து புளிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். பிரித்தேன். இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள், ஒரு பிடி திருகாணி. குளிக்கிற அறைக் கதவினுடையவை. அப்பா கழற்றித் தூக்கி எறிந்ததைப் பொறுக்கி வைத்திருக்கிறாள். ஆறு வருஷத்துத் துரு இருக்க வேண்டுமே, ஒரு பொட்டு இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் பாத்திரம் தேய்க்கும்போது இதையும் தேய்த்து, எண்ணெய் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். வீட்டில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழுவாத. ஆசாரிய கூப்டுவியா, மாட்டியா?" என்றாள்.

அந்தக் குளிக்கிற அறைக் கதவில் இருந்த படம்தான் ஆளுயர மலை. அதைக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருந்தார். பதினைந்து நாளில் அவரே வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. படத்தைத் துடைத்துக் கூடத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார். தினமும் அதன் முன்னால் போய் நிற்பார். வாழ்நாளெல்லாம் காத்திருந்தது வந்துவிட்டது அவருக்கு. அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிறு காலை, மெட்ராஸ்காரரை அழைத்துவர அப்பா பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். மெட்ராஸ் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? நான் சொல்லி வைத்திருந்த ஆசாரி அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கதவைப் பார்த்ததும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"இன்னாமா இது, சாமி மலை போட்டு கீது. இதுல போயி திருகாணி அடிக்க சொல்றீங்களே?"

"இது கதவு. ஓரத்துல பாருங்க, பழைய கீல் வெச்ச பள்ளம் இருக்குது" என்றாள் அம்மா.

அவர் தடவிப் பார்த்தார். பள்ளம் இருந்தது. தாழ்ப்பாளின் பழைய ஓட்டையை அப்பா அடைத்து, அதன்மேல் மலையின் இடுப்பை வரைந்திருந்தார்.

"படம் உள்பக்கமா வருதும்மா. தண்ணி பட்டு வீணா பூடும். திருப்பிப் போட்டுடட்டா?"

"முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே போடுங்க."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. தாழ்ப்பாள் மலையின் இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. எண்ணெய் போட்டு வைத்த கீல், சத்தமே இல்லாமல் கதவு சாத்திக்கொண்டது. ஆசாரி சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டியிருக்கமாட்டார், இந்தப் பக்கம் குதிரை வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா துண்டை எடுத்தாள், சோப்பை எடுத்தாள், நேராக உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மெட்ராஸ்காரர் வழக்கம்போலச் சக்கரத்தைத் தள்ளி மணியைக் கேட்டார், தரையில் வளையலைப் பார்த்தார், "என்ன வீடு சார்!" என்றார். அப்பா சுவரோரம் பார்த்தார். வெறும் சுவர்.

"எங்க?" என்று என்னைக் கேட்டார். நான் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன்.

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன், அந்த முகத்தைப் பார்க்காமல் விடுவதாக இல்லை. கதவின் பின்பக்கம்தான் அவர்கள் பக்கம் இருந்தது, வெறும் மரம். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். மெட்ராஸ்காரருக்குத்தான் உற்சாகம். "ஓவியத்தை மறுபடி கதவாவே மாத்திட்டீங்களா! இது பெரிய கான்செப்ட் சார்!" என்றார். அட, கான்செப்ட்டாம்!

உள்ளே தண்ணீர் விழுந்தது. ஒரு சொம்பு, கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு சொம்பு. அப்பா ஒவ்வொரு சொம்புக்கும் முகத்தைச் சுளித்தார், படத்தின்மேல் தெறிக்கிறதே என்று. ஆனால் வேறு ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. காதைச் சாய்த்துக் கேட்டார். மெட்ராஸ்காரரும் கேட்டார். "வீட்டம்மா பாடிக்கிட்டே குளிப்பாங்கன்னு சொன்னாங்களே சார், அதையும் கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அப்பா கதவைத் தட்டினார். மெதுவாக, விரல் முட்டியால், பிறத்தியார் வீட்டில் தட்டுவதுபோல.

"இந்தா, உன்னைத்தான். என்ன இன்னைக்குப் பாட்டையே காணோம்?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். உள்ளே சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அதான் கதவு இருக்குதே" என்றாள் அம்மா.